பழைய தங்கக் காசு: தரச் சான்றுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என்னிடம் ஐந்தாம் ஜார்ஜ் காலத்துப் பிரிட்டிஷ் தங்க நாணயங்களான சவரன் காசுகள் ஆறு உள்ளன. கிரேடிங்குக்கு (காசை ஆராய்ந்து தர எண்ணும் சான்றும் தரும் நிறுவனத்துக்கு) அனுப்பினால் விலை கூடுமா?

பதில்: ஆறையும் மொத்தமாக அனுப்ப வேண்டாம். முதலில் பின்பக்கம் பாருங்கள். குதிரைக்குக் கீழே, ஆண்டுக்குச் சற்று மேலே நடுவில் பொடி எழுத்து இருக்கும்; காசு எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது என்பதை அது காட்டும். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்போர்ன், பி பெர்த், எஸ்ஏ பிரிட்டோரியா, சி ஒட்டாவா, ஐ பம்பாய் (1918 மட்டும்). எழுத்தே இல்லையென்றால் லண்டன். 1911, 1912 லண்டன் காசுகள் ஏராளம். அவை பெரும்பாலும் தங்க விலைக்குத்தான் போகும். 1917 லண்டன் அரிது, அதனாலேயே போலியும் அதிகம். அதற்குத் தர எண்ணைவிட அசல் என்ற சான்றே முக்கியம்.

எடை 7.98 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். நல்ல தங்கத்திலேயே போலி அடித்தவர்கள் உண்டு.

அடுத்தது மேற்பரப்பு. பெரும்பாலான காசுகள் தோற்பது இங்கேதான். ஓரத்தைப் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்து, ஐந்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மன்னர் முகத்துக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடினால், யாரோ துடைத்து மெருகேற்றியிருக்கிறார்கள். விளிம்பின் வரிகள் தலைக்கு நேர் மேலே மழுங்கியிருந்தாலோ பற்றவைத்த தடம் தெரிந்தாலோ, அது டாலராகத் தொங்கிய காசு. இந்த இரண்டு வகைக்கும் 1 முதல் 70 வரையிலான தர எண் கிடைக்காது. குறையை எழுதித்தான் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். காசோடு காசு உரசிய சிறு வடுக்கள் எண்ணைக் குறைக்குமே தவிர காசை ஒதுக்கிவிடாது.

தேறியதற்கு மட்டும் கணக்குப் போடுங்கள். கட்டணம், போக வர அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு காசுக்கு எவ்வளவு? அதே ஆண்டு, அதே குறியுள்ள காசு சான்றில்லாமல் ஏலத்தில் என்ன விலைக்கு முடிந்தது? நீங்கள் நினைக்கும் தரத்துக்கு ஒரு படி கீழான சான்றோடு என்ன விலை? ஒரு படி குறைத்துப் பார்க்கச் சொல்வது ஏனென்றால், தன் காசு எவருக்கும் புதிதாகவே தெரியும். வித்தியாசம் செலவைப் போல் இரு மடங்காவது இருந்தால் அனுப்பலாம்.

அதுவரை புளி, பற்பசை, மெருகுத்துணி எதுவும் காசின் பக்கம் வரக் கூடாது. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் இருந்தால் இன்றே எடுத்து மைலார் (பிவிசி இல்லாத பாலியஸ்டர் பிளாஸ்டிக்) உறைக்கு மாற்றுங்கள்; பிவிசி பச்சைப் பிசுக்கு விடும்.