லேத்தில் டெயில்ஸ்டாக் முனை 0.12 மி.மீ. கூடுதலாக வருவதற்கு

வணக்கம் நண்பரே. லேத்தில் இரண்டு சென்டருக்கு (ஷாஃப்டை இரு முனையிலும் தாங்கும் கூர்முனைகள்) நடுவே 300 மி.மீ. ஷாஃப்ட் கடைந்தால் டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் தாங்கி) முனை 0.12 மி.மீ. தடிக்கிறது, ட்ரில் போட்டால் துளையின் வாய் அகலமாகிறது என்கிறீர்கள். டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள், பொறுங்கள். முதலில் டெயில்ஸ்டாக் இல்லாமல், சக்கில் (வேலைப்பொருளைக் கவ்விச் சுழற்றும் பிடிப்பு) தடித்த ராடை 100 மி.மீ. நீட்டிப் பிடித்து லேசாக ஒரு கட் எடுங்கள். அதிலும் டேப்பர் (ஒரு முனை தடித்து வருவது) வந்தால் பெட் (லேத்தின் அடிப்படுக்கை) முறுக்கியிருக்கலாம், லெவல் பாருங்கள்.

அது சரியென்றால் டெயில்ஸ்டாக் உங்களைவிட்டுத் தள்ளி நிற்கிறது. வித்தியாசத்தில் பாதி, 0.06, உங்கள் பக்கம் வரவேண்டும். டூல்போஸ்ட்டில் (வெட்டும் டூலைப் பிடிக்கும் இடம்) டயல் (நுண்ணளவு காட்டும் முள் கருவி) கட்டி டெயில்ஸ்டாக் ஸ்பிண்டிலின் (சென்டரைத் தாங்கும் உருளை) பக்கவாட்டில் தொடவைத்து, ஒரு பக்கத்து ஸ்க்ரூவை இளக்கி எதிர் ஸ்க்ரூவை இறுக்குங்கள். டெயில்ஸ்டாக்கைப் பெட்டில் பூட்டும் கிளாம்பை இறுக்கிய பிறகு முள்ளைக் கட்டாயம் திரும்பப் பாருங்கள். பழைய மெஷினில் இறுக்கும்போதே நகர்ந்துவிடும். எங்கள் பட்டறையில் அரைநாள் போனது அங்கேதான்.

ட்ரில் சிக்கலுக்கு உயரத்தையும் பாருங்கள். பல வருடம் ஓடிய லேத்தில் டெயில்ஸ்டாக்கின் அடித்தட்டு தேய்ந்து சென்டர் இறங்கியிருக்கும். டயலைச் சக்கில் குட்டையான, தடித்த கம்பியில் கட்டி (நீளக் கம்பி தொங்கும், அளவு தப்பாகும்) டெயில்ஸ்டாக் ஸ்பிண்டிலைத் தொடவைத்து, அதைச் சுற்றி வரும்படி சக்கைக் கையால் உருட்டுங்கள். மேலே விடக் கீழே முள் அதிகம் அழுந்தினால் இறங்கியிருக்கிறது. அந்த வித்தியாசத்தில் பாதித் தடிமனுக்குப் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வெட்டி, அடித்தட்டுக்கும் உடலுக்கும் நடுவே வையுங்கள்.