கட்டையைக் கேட்டுவிட்டுத் திருப்புளியை எடுங்கள்
(வாசகர் கேள்வி – பதில்)

கே: திருவிழாக் கச்சேரிகளில் வாசித்த ஒரு மெல்லிசைக் குழுவின் பழைய காம்போ ஆர்கன் (மேடைக்குத் தூக்கிச் செல்லும் சிறிய மின்னணு ஆர்கன்) எங்களிடம் வந்திருக்கிறது. 1960களின் ஃபார்ஃபிசா காம்பேக்ட். வெகுகாலம் பரணில் கிடந்தது. பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

ப: வேண்டாம். முதலில் வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட்; செலக்டரில் 240 இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் 220. இரண்டு கம்பி ஒயர் இருந்தால் எடுத்துவிட்டு மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தை உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் முடுக்குங்கள். எலிப்புழுக்கை, கரையான் மண் எல்லாவற்றையும் மென்மையான பிரஷ்ஷால் தள்ளி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். ப்ளோயர் அடித்தால் தூசி நேராகக் கட்டைகளுக்கு (கீகளுக்கு) அடியில் உள்ள காண்டாக்டுகளுக்குள் போய் உட்காரும்.

அப்புறம் லைன் கம்பியில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராகக் கொடுத்து ஆன் செய்யுங்கள் (எல்இடி பல்ப் இதற்கு உதவாது). ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் சரி. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட். ரெக்டிஃபையர் டயோடையும் முதல் ஃபில்டர் கண்டன்சரையும் சோதியுங்கள்.

பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்களைச் சோதிக்காமலேயே மாற்றலாம். இத்தனை வருஷத்தில் அவை காய்ந்திருக்கும், ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலுக்கும் அவைதான் முதல் காரணம். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூட, 105 டிகிரி வகை. ஓர் எச்சரிக்கை: ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் செட்டுகளில் பெரும்பாலும் பாசிட்டிவ்தான் கிரவுண்ட், அதாவது சட்டத்தோடு சேர்ந்த பக்கம். பழக்கத்தில் நெகட்டிவைச் சட்டத்தின் பக்கம் வைத்துப் பற்றவைத்தால் புதுக் கண்டன்சர் வெடிக்கும். கழற்றுமுன் போட்டோ எடுத்து வையுங்கள்.

கே: என் பழைய காம்போ ஆர்கனில் சில சுரங்கள் வரவில்லை. டிரான்சிஸ்டர்கள் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். சரிதானா?
– வாசகர், மேலூர்

ப: மொத்தமாக மாற்றுவது செலவு மட்டுமல்ல, நன்றாக இருக்கும் போர்டையும் கெடுக்கும் வேலை. எது செத்தது என்று கட்டைகளே காட்டிக்கொடுக்கும். இந்த வகை ஆர்கனில் 12 சுரங்களுக்கு 12 மாஸ்டர் ஆசிலேட்டர்கள் (ஒலியலையை உண்டாக்கும் சுற்றுகள்). ஒவ்வொன்றின் அலையையும் டிவைடர்கள் பாதி பாதியாக்கிக்கொண்டே கீழ் ஸ்தாயிக்கு இறங்கும்: ‘ஏ’ சுரம் என்றால் 1760, 880, 440, 220 ஹெர்ட்ஸ் என்று.

ஒலியைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சுகளில் (டேப், tab) ‘8 அடி’ ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்துங்கள். 16 அடி ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்; அவையும் சேர்ந்தால் ஸ்தாயிகள் கலந்து குழப்பும். எல்லா ஸ்தாயியிலும் ‘சி’ வரவில்லையா? அந்த மாஸ்டர் ஆசிலேட்டர். மேலே வந்து, ஓரிடத்துக்குக் கீழே மட்டும் வரவில்லையா? ஒலி நின்ற முதல் ஸ்தாயியின் டிவைடர். அதற்குக் கீழே உள்ளவை பாவம், பட்டினி கிடக்கின்றன, பழுதில்லை. ஒரே ஒரு கட்டை மட்டும் ஊமை என்றால், 8 அடியை அணைத்து 4 அடியைப் போட்டு, ஒரு ஸ்தாயி கீழே உள்ள அதே சுரத்தை அழுத்துங்கள். வந்தால் டிவைடர் நலம். குற்றம் ஊமைக் கட்டையின் காண்டாக்டில்.

காண்டாக்டை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. மேலே உள்ள மெல்லிய முலாம் போனால் சில மாதத்தில் மறுபடி கறுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தடித்த தாள் துண்டை இடையில் விட்டு மெதுவாக இழுத்தால் போதும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம்; அது தூசியைப் பிடித்து வைக்கும்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைக் கழற்ற நேர்ந்தால், காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று விநாடியில் வேலையை முடியுங்கள். அதற்குச் சூடு ஆகாது. லீக்கேஜ் (கசியும் மின்னோட்டம்) ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை மேடையில் சுருதி நகர்ந்தால் ஆச்சரியமில்லை.

சுருதி சேர்ப்பது சுலபம்: அரை மணி நேரம் ஓடவிட்டு, மாஸ்டர் ஆசிலேட்டர்களின் 12 காயில்களில் உள்ள ஃபெரைட் கோரை மட்டும் திருப்பினால் எல்லா ஸ்தாயியும் தானாகச் சேரும். பிளாஸ்டிக் திருப்புளிதான் வேண்டும். இரும்பு பக்கத்தில் போனாலே சுருதி மாறும், ஃபெரைட் கோரும் உடையும். கோரைப் பிடித்திருக்கும் மெழுகு இறுகியிருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்குங்கள்.

கே: யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரில் சேமித்த ஒலிகள் அழிந்துவிடுகின்றன. பழுதா?
– வாசகர், திண்டுக்கல்

ப: பேட்டரிதான். 1983இல் வந்த இந்தக் கருவியில் உள்ளே பற்றவைத்த சிஆர்2032 பேட்டரி 32 ஒலிகளைக் காக்கிறது. அதைக் கழற்றுமுன், மிச்சமிருப்பதை மிடி (இசைக் கருவிகளையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் முறை) வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கு ஃபங்ஷன் பகுதியில் ‘சிஸ் இன்ஃபோ’வை ‘அவெய்ல்’ ஆக்க வேண்டும். வந்து சேரும் கோப்பு 4104 பைட் இருந்தால் முழுசாக வந்திருக்கிறது. திரும்ப ஏற்றும்போது ‘மெமரி புரொடெக்ட்’டை ஆஃப் செய்யாவிட்டால் ஏற்காது. புது பேட்டரிமேல் அயர்னை வைக்காதீர்கள், லித்தியம் வெடிக்கும். ஒரு ஹோல்டரைப் பற்றவைத்து, பேட்டரியை அதில் சொருகிவிடுங்கள்.