இரண்டாவதாக வரும் எண்ணம்

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. எண்ணம், உணர்வு, செயல், விளைவு என்று நான்கையும் பலகையில் வரிசையாக எழுதி நடுவில் அம்புக்குறி போட்டார் பயிற்சியாளர். “எண்ணத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், மற்றதெல்லாம் தானாக மாறும்” என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் ‘நான் அமைதியானவள், நான் திறமையானவள்’ என்று சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் ஒருநாள் இரவு மேனேஜரிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘காலையில் வந்ததும் என்னைப் பாருங்கள்.’ வேலை போகப்போகிறது என்றே தோன்றியது. என் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லப் பதற்றம்தான் கூடியது, தூக்கம் போனது. காலையில் அவர் வாயைத் திறப்பதற்குள் போன மாத அறிக்கை ஏன் தாமதமானது என்று நானே விளக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் கூப்பிட்டதோ ஒரு புதிய பொறுப்பை ஏற்கிறீர்களா என்று கேட்க. “இப்போதே உங்களுக்கு நெருக்கடி போலிருக்கிறது, அப்புறம் பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார்.

இன்னொன்று. வேலை போய்ப் பல மாதங்களாக வீட்டிலிருக்கும் என் தம்பியிடமும் இந்தப் பாடத்தைச் சொன்னேன். “உன் எண்ணம் சரியில்லை, அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை” என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. இந்தச் சூத்திரமே பொய்யா, இல்லை எனக்குத்தான் கைவரவில்லையா?

ச.
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ச.,

சூத்திரத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த எண்ணம் நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்தினால், கேட்பவர் தன்னைத்தானே நொந்துகொள்வதில்தான் போய் முடியும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

‘வேலை போகப்போகிறது’ என்ற எண்ணத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அது வந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் வரும். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் உளப்பகுப்பாய்வு முறையில் சிகிச்சை செய்துவந்தார். மனதில் தோன்றுவதை எல்லாம் ஒளிக்காமல் சொல்லவேண்டும் என்பது அந்த முறையின் விதி. ஒரு பெண் தன் அந்தரங்க வாழ்க்கையைக்கூடத் தயங்காமல் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் ஏனோ பதற்றமாகவே இருந்தார். பெக் விசாரித்தபோது காரணம் வெளியே வந்தது. ‘நான் பேசுவது டாக்டருக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்று இன்னொரு எண்ணம் அவருக்குள் கூடவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பதற்றம் அதிலிருந்துதான் வந்தது. இப்படிக் கேட்காமல் வந்து, வந்த சுவடு தெரியாமல் நம்மை ஆட்டிவைப்பவற்றைத் தானியங்கி எண்ணங்கள் என்றார் பெக். இன்று பரவலாகக் கையாளப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை வளர்ந்ததில் இந்தக் கவனிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த எண்ணத்தை விரட்டப் பார்த்தாலும் பலனில்லை. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக்கூடாது, நினைப்பு வந்தால் மணி அடிக்கவேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்று விட்டபோது, முன்பு அடக்கிவைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

சரி, நல்ல வாக்கியத்தைச் சொல்லி அதை மூடிவிடலாமா? 2009இல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதித்தது. ‘நான் அன்புக்குரியவன்’ என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களில், அதைச் சொன்னவர்களின் மனநிலை சொல்லாதவர்களைவிட மோசமாக இருந்தது. ஏற்கெனவே தன்னை மதிப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் உதவியது. நாம் நம்பாத ஒன்றை நமக்கே சொல்லும்போது உள்ளே இருக்கும் ஆள் உடனே எதிர்வாதம் தொடங்கிவிடுகிறான். உங்களுக்குப் பதற்றம் கூடியதில் ஆச்சரியமே இல்லை. உங்களிடம் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் நம் கையில் இருப்பது எது? இரண்டாவதாக வரும் எண்ணம்.

அந்த இரவுக்கே போவோம். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது எது? மேனேஜர் உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார். தெரியாதது? ஏன் என்பது. அந்தக் காலி இடத்தை உங்கள் மனம் நொடியில் நிரப்பிக்கொண்டது. நிரப்பியதோடு நிற்காமல் அதையும் தெரிந்தவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அங்கே நீங்கள் வைத்திருக்கக்கூடிய எண்ணம் இதுதான்: ‘காரணம் எனக்கு இன்னும் தெரியாது.’ இதில் இனிப்பு எதுவும் இல்லை. ஆனால் இது உண்மை, அதனால் உள்ளே இருக்கும் ஆளுக்கு மறுத்துப் பேச ஒன்றும் கிடைக்காது. படபடப்பு முழுக்க அடங்காது, ஒரு படி இறங்கும். இறங்கியதும் கை வேறு வேலை செய்யும். ‘சரி, எதைப் பற்றி என்று சொன்னால் தயாராக வருகிறேன்’ என்று ஒரு பதில் அனுப்பியிருப்பீர்கள். முதல் எண்ணத்திலிருந்து தற்காப்பு ஒன்றுதான் பிறக்கும், ஒரு கேள்வி பிறக்காது.

உங்கள் பயிற்சியாளர் வரைந்த அம்புகளில் ஒன்று குறைகிறது. கடைசியில் இருக்கும் விளைவிலிருந்து முதலில் இருக்கும் எண்ணத்துக்கு ஒரு அம்பு போகவேண்டும். நீங்கள் பயந்தீர்கள், முந்திக்கொண்டு விளக்கம் சொன்னீர்கள், பொறுப்பு தள்ளிப்போனது. இனி அடுத்த முறை ‘பார், அன்றைக்கே சொன்னேன்’ என்று மனம் அதையே சாட்சியாகக் காட்டும். தவறான எண்ணம் தனக்கான ஆதாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் இடம் இது. நல்ல வேளையாக இந்த அம்பு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். கூட்டத்தில் பேசினால் சிரிப்பார்கள் என்ற எண்ணத்தோடு உட்கார்ந்து எவ்வளவு வாதாடினாலும் அது அசையாது. ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெக்கின் வழியில் வந்தவர்கள் நோயாளிகளிடம் இதைத்தான் சொல்கிறார்கள்: உங்கள் எண்ணத்தை ஊகமாக எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சோதித்துப் பாருங்கள்.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். பதற்றத்திலிருந்து நேரே அமைதிக்குத் தாவப் பார்க்காதீர்கள். ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன்னால் பாடவோ பேசவோ போகிறவர்களில் ‘எனக்கு ஆர்வமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். பேச்சில், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிடவும் நன்றாகச் செய்தார்கள். பயத்திலும் ஆர்வத்திலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது, அதனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது எளிது. அடுத்தது, பதற்றம் வந்த பிறகு யோசிக்காமல் முன்கூட்டியே முடிவு செய்துவையுங்கள். ‘காரணம் சொல்லாமல் யாராவது கூப்பிட்டால், எதைப் பற்றி என்று கேட்பேன்.’ இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று தீர்மானித்துக்கொள்பவர்கள் அதை உண்மையில் செய்துமுடிப்பது அதிகம் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் தன் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

இனி உங்கள் தம்பி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இந்தப் பகுதிதான். விளைவு என்பது நம் எண்ணத்தால் மட்டும் ஆவதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா, யார் தேர்வு செய்கிறார்கள், உடம்பு எப்படியிருக்கிறது, கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, எல்லாமே அதில் சேரும். இவற்றையெல்லாம் அழித்துவிட்டு ‘உன் எண்ணம்தான் காரணம்’ என்று அடிபட்டவனிடம் சொல்வது பொய், கொடுமையும்கூட. இந்தப் பாடம் இப்படி ஆயுதமாக மாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. என் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் உரிமை எனக்கு உண்டு. இன்னொருவர் எண்ணத்தை அவர் கேட்காமல் திருத்தும் உரிமை யாருக்கும் இல்லை. ‘எனக்கு யாரும் வேலை தரவில்லை’ என்று உங்கள் தம்பி நினைத்தால், இப்போதைக்கு அது அப்பட்டமான உண்மை.

அவரிடம் போய், அன்று சொன்னது தப்பு என்று சொல்லிவிடுங்கள். கடைசியாகப் போன நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள். நடுவில் யோசனை சொல்லவேண்டாம். அவர் தூக்கம், சாப்பாடு எப்படி இருக்கிறது என்றும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நேரம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அவர் சம்மதித்தால் நீங்களும் கூட இருங்கள்.