வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத காருக்கு ஷோரூமில் சொல்லும் கோட்டிங், க்ளீனிங் எல்லாம் செய்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஆயில், ஆயில் ஃபில்டர் தவிர நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் எதையும் இப்போது செய்ய வேண்டியதில்லை.

9,000 கிலோமீட்டர் ஓடிய காரை ஷோரூமின் பழைய கார் பிரிவில் வாங்கியிருக்கிறீர்கள். சர்வீஸுக்கு விட்டதும் அண்டர்பாடி கோட்டிங் (காரின் அடியில் அடிக்கும் துருத் தடுப்புப் பூச்சு), டீகார்பனைசிங் (இன்ஜினுக்குள் படியும் கரியை நீக்குவது), ஏசி கிருமிநீக்கம் என்று 12,000 ரூபாய்க்குப் பட்டியல் நீட்டியிருக்கிறார்கள். மறுத்தால் வாரண்டி போய்விடுமோ என்று கேட்கிறீர்கள். அநேகமாக இது உங்கள் முதல் கார். வீட்டில் வண்டி விவரம் தெரிந்த ஆள் இல்லை என்றும் நினைக்கிறேன். எனக்கு அப்படி ஓர் ஆள் வீட்டிலேயே இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தைக் கட்டினேன். இத்தனை நீளமாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

என் அப்பா சேலம் மாவட்டம் சங்ககிரியில் 34 வருடம் லாரி பட்டறை வைத்திருந்தவர். எங்கள் பக்கத்து லாரித் தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் புரியும். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருவது டிரைவர், காசு கொடுப்பது ஓனர். ஓனர் வேலை நடக்கும்போது பக்கத்தில் இருக்க மாட்டார். அதனால் அப்பா கழற்றிய லைனிங், பேரிங், கிளச் பிளேட் எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் கட்டி, லாரி நம்பரைச் சாக்பீஸில் எழுதி மூலையில் வைத்துவிடுவார். ஓனர் கணக்கு முடிக்க வரும்போது முதலில் பையைத்தான் பிரிப்பார். "கழட்டுன சாமானை ஓனர் கையில குடுத்துட்டுத்தான் காசு கேக்கோணும்" என்பார். நான் சின்னப் பையனாக இருக்கும்போதே கேட்ட வார்த்தை அது.

என் காரும் உங்களுடையதைப் போலத்தான், இன்னொருவரிடம் இருந்து கைமாறி வந்த பத்து மாத வண்டி. வாங்கிய அன்றே அப்பா அதன் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். இரண்டு மாதம் கழித்து சர்வீஸுக்கு விட்டேன். நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அன்று ஆடிட்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், போன் மூன்று முறை அடிக்கிறது. மூன்றாவது முறை எடுத்தேன். "சார், உங்க வண்டி அடியில லேசா துரு ஆரம்பிச்சிருக்கு. இப்பவே கோட்டிங் அடிச்சிட்டா சேஃப். அப்படியே டீகார்பனைசிங், இன்டீரியர், ஏசி டிரீட்மென்ட் எல்லாம் சேர்த்துப் பண்ணிரலாமா சார்?" பண்ணுங்கள் என்றேன். முப்பது வினாடிப் பேச்சு.

சாயந்திரம் பில் வந்தது. அண்டர்பாடி கோட்டிங் 4,500, டீகார்பனைசிங் 3,200, இன்டீரியர் க்ளீனிங் 1,800, ஏசி கிருமிநீக்கம் 1,250. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து இவை மட்டும் 12,685 ரூபாய். உண்மையிலேயே தேவைப்பட்ட ஆயிலும் ஃபில்டரும் தனியாக மூவாயிரத்துக்குள் முடிந்துவிட்டது.

அப்பா பில்லை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார். பிறகு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். அப்போது அவருக்கு 71 வயது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"துரு எங்க இருந்துச்சுன்னு காட்டுனாங்களா கண்ணு?"

"இல்லைங்கப்பா. போன்லதான் சொன்னாங்க."

"போட்டோ ஏதாச்சும் அனுப்புனாங்களா?"

"இல்லைங்க."

"அப்பறம் எதைப் பாத்துக் காசு குடுத்த?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தன் பிழைப்பு முழுவதும் ஒரு ரூபாய்க்கும் சாமானைக் காட்டிக் காசு வாங்கிய மனிதர் அவர். அவர் பையன் எதையும் பார்க்காமல் பன்னிரண்டாயிரம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது வரும் கார்களின் உடற்கூட்டைத் தொழிற்சாலையிலேயே முழுசாக ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருத் தடுப்புப் பூச்சு ஏற்றிவிடுகிறார்கள். சந்து பொந்துகளுக்குள்ளும் அது ஏறும். அதற்கு மேல் அடிப்பகுதியில் கல் தெறிக்கும் இடங்களில் பிவிசி பூச்சு ஒன்று இருக்கும். பல கார்களில் தகடே துத்தநாகம் பூசியதுதான். டீலர் அடிப்பது இவற்றுக்கு மேல் ஒரு கறுப்புப் பூச்சு. கவனமாக அடித்தால் கெடுதல் இல்லை. என் வண்டியில் கவனமாக அடிக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்த வாரம், பிரேக் போடும்போதெல்லாம் இடது பின்கதவுக்குள் சளக் சளக் என்று தண்ணீர் ஆடியது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வடிந்து போகக் கதவின் அடி விளிம்பில் சிறு ஓட்டைகள் உண்டு. கோட்டிங் அடித்தவர்கள் அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். அப்பா கோணி ஊசியை எடுத்துக் குத்திவிட்டார், அரைச் செம்புத் தண்ணீர் கொட்டியது. கவனிக்காமல் விட்டிருந்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். துரு வராமல் இருக்கக் கொடுத்த காசு அது.

ஷோரூமுக்குப் போய்க் கேட்டேன். "போன்ல நீங்கதான் சார் ஓகே சொன்னீங்க" என்றார்கள். உண்மைதான், சொன்னேன். அதற்கு மேல் பேச எனக்கு வாய் இல்லை.

டீகார்பனைசிங் பற்றி. சாதாரண பெட்ரோல் காரில் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வின் முதுகிலேயே பெட்ரோலைத் தெளிக்கிறது. வால்வு தானாகக் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் அந்த வால்வில் கரி படிவது உண்மை. ஆனால் அதற்கும் பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். 9,000 கிலோமீட்டரில் யாராவது கரி என்றால், எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். இன்ஜினை உள்ளே மருந்து ஊற்றிக் கழுவும் இன்ஜின் ஃப்ளஷ் என்பார்கள், அதுவும் வேண்டாம். டயரில் நைட்ரஜன் நிரப்புகிறேன் என்றால் தலையாட்ட வேண்டாம். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இரண்டு முறை காற்றழுத்தத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். ஏசியில் நாற்றம் அடித்தால் பெரும்பாலும் கேபின் ஃபில்டர் அழுக்காகியிருக்கும். நிறைய கார்களில் அது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது, நாமே கழற்றி மாட்டலாம். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டை மட்டும் அப்படித் தள்ள வேண்டாம். ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோ உடனே பாருங்கள்.

வாரண்டி பற்றிய உங்கள் பயத்துக்குப் பதில் உங்கள் காருக்குள்ளேயே இருக்கிறது. ஓனர் மேனுவலில் பராமரிப்பு அட்டவணை என்று ஒரு பக்கம் உண்டு. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது இன்னின்ன வேலை என்று போட்டிருக்கும். வாரண்டிக்கு அந்த அட்டவணைப்படி சர்வீஸ் நடந்திருக்க வேண்டும். அதில் கோட்டிங் இருக்கிறதா, இன்டீரியர் பாலிஷ் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

எப்படியும் சிலர் வருவார்கள். லட்சக்கணக்கில் கார் வாங்குகிறவன் நாலாயிரத்துக்கு அழலாமா என்பார்கள். காரின் விலைக்கும் இல்லாத தேவைக்குக் கொடுக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கடலை ஒட்டி வீடு இருந்து, வண்டி இரவெல்லாம் உப்புக்காற்றில் நின்றால் கோட்டிங்குக்கு ஓரளவு நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அப்போதும் ஓட்டைகளுக்கு டேப் ஒட்டி அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். காசு கட்டி வாரண்டிக் காலத்தை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர், டர்போ இருக்கும் வண்டிக்கு அது நல்லது. நானும் எடுத்திருக்கிறேன். கார் கம்பெனியே தருவதா, டீலர் வெளியில் வாங்கி விற்பதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வீஸ் அட்வைசர்களை நான் கெட்டவர்கள் என்றும் சொல்லவில்லை. என் சித்தப்பா பையனே ஒரு டீலரிடம் அந்த வேலையில் இருக்கிறான். மாதம் இத்தனை கோட்டிங், இத்தனை ஏசி டிரீட்மென்ட் என்று அவன் தலையில் டார்கெட் வைத்திருக்கிறார்கள். எட்டவில்லை என்றால் இன்சென்டிவ் இல்லை.

காரின் அடிப்பகுதி என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டியின் அடி இரண்டு முறை உரசியதற்குக் காரணம் துரு இல்லை, எங்கள் ஊர்ச் சாலையில் இருக்கும் வேகத்தடைகள். விதிப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும், மெதுவாக ஏறி இறங்கும்படி. இங்கே வீட்டுக்கு வீடு ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி தார்க்கட்டி போட்டிருக்கிறார்கள். வெள்ளைக் கோடும் கிடையாது, முன்னால் பலகையும் கிடையாது. ராத்திரியில் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் ஆட்டோக்காரரிடம் கேட்டால் தெரியும் அதன் அருமை. இரண்டு மனு கொடுத்துவிட்டேன், இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

இன்னொன்று என் மனதில் ஆறவே இல்லை. அடுத்த சர்வீஸுக்கு அப்பாவையும் கூட்டிப் போனேன். வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாது என்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சோபாவில் உட்கார வைத்தார்கள். காபி கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். பாதுகாப்பு விதி என்று காரணம் சொன்னார்கள், அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் என் வண்டியில் என்ன செய்கிறார்கள் என்பதை நான் பார்க்க ஒரு வழி இருக்க வேண்டாமா? அப்பா கண்ணாடி ஓரமாக எழுந்து நின்றே இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் சீட்டான ஜாப் கார்டிலேயே "எழுத்து மூலம் சம்மதம் இல்லாமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போன் வந்தபோது போட்டோவும் எஸ்டிமேட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். கோட்டிங் பேச்சே வரவில்லை. பில் 3,900 ரூபாய். பழைய ஏர் ஃபில்டரைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அப்பா அதைத் தரையில் தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "மாத்த வேண்டியதுதான்" என்றார்.

நீங்களும் அப்படியே எழுதிக் கொடுங்கள். மீறிச் செய்துவிட்டுக் காசு கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கோட்டிங்கை விற்கத் துடித்தவர்கள் எனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு, நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) என் பெயருக்கு மாறியும் இன்சூரன்ஸ் இரண்டு மாதம் பழைய ஓனர் பெயரிலேயே கிடந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 157ஆம் பிரிவின்படி, வண்டி கைமாறிய 14 நாளுக்குள் வாங்கியவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான பாதுகாப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு அப்படி வராது, க்ளெய்மை மறுத்துவிடுவார்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைத்த தள்ளுபடி, அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். கட்டுங்கள், அது வீண் செலவு இல்லை. பாலிசியை எடுத்து யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பழைய பெயர் இருந்தால், மாற்றி முடிக்கும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.