மலம் கறுப்பாகப் போகிறதென்று சத்து மாத்திரையை நிறுத்தலாமா?

ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு ஐந்தாம் மாதம், தாய் வீட்டில் இருக்கிறாள். ஹீமோகுளோபின் 9.2. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயந்துபோய் பத்து நாளாக நிறுத்திவிட்டார்கள். இதற்குள் அதே தெருவில் ஒரு பெண், "மாத்திரை சூடு, குழந்தை கறுத்துப் பிறக்கும், எங்கள் கம்பெனி புரோட்டீன் பவுடர் குடித்தால் ரத்தமும் ஊறும், குழந்தை எடையும் கூடும்" என்று டின் 2,800 ரூபாய்க்கு விற்கப் பார்க்கிறார். மாதம் இரண்டு டின்னாம். "பவுடர் வாங்கலாமா, மாத்திரையை அடியோடு விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

அம்மா, பவுடர் வேண்டாம். மாத்திரையை இன்று ராத்திரியே மறுபடி ஆரம்பியுங்கள்.

கறுப்பு நிறத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரையில் இருக்கும் இரும்பு முழுவதும் உடம்பில் சேராது, சேராத மிச்சம் குடல் வழியாக வெளியே போகும்போது அந்த நிறம் வருகிறது, அவ்வளவுதான். இதை மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் நீங்கள் பத்து நாளை இழந்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஒரு நர்ஸ் அம்மா காலையிலிருந்து மதியத்துக்குள் எழுபது எண்பது பேரைப் பார்த்து, எடை போட்டு, ஊசி போட்டு, பிறகு அத்தனையையும் கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும் என்று வைத்தால் அந்த ஒரு வாக்கியத்துக்கு எங்கே நேரம் இருக்கும்? பதிவேடு நிரம்புகிறது, மாத்திரை பீரோவில் தூங்குகிறது. குழந்தையின் நிறம் அப்பா அம்மா கொடுப்பது, இரும்பு அதைக் கறுப்பாக்காது, குங்குமப்பூ வெளுப்பாக்காது.

குமட்டலுக்கு வழி, நேரத்தை மாற்றுவதுதான். 2018ல் வந்த மத்திய அரசின் ரத்தசோகைத் திட்டப்படி ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 9.2 என்பது நடுத்தரம், அதற்கு வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை. உங்கள் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காலை 11 மணிக்கு, இன்னொன்றை ராத்திரிச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது, அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு கொடுங்கள், தூக்கத்தில் குமட்டல் அவ்வளவாகத் தெரியாது. அப்படியும் முடியவில்லையா, சாப்பிட்டவுடனே போடட்டும், கொஞ்சம் குறைவாகத்தான் சேரும், போடாமலே இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். டீ, காபி மட்டும் மாத்திரைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மணி நேரம் கூடாது.

கால்சியம் மாத்திரையும் தினம் இரண்டு கொடுத்திருப்பார்கள். நிறைய வீடுகளில் எல்லா மாத்திரையையும் ஒரே கையில் அள்ளி ஒரே மடக்கில் விழுங்குகிறார்கள். கால்சியம் இரும்பைச் சேரவிடாது. அதைக் காலை, மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். பெங்களூரிலும் தான்சானியாவிலுமாக 22,000 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு 2024ல் வெளிவந்தது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பைத் தடுப்பதில் ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம் கால்சியம் செய்ததை 500 மில்லிகிராமே குறைவில்லாமல் செய்துவிட்டது. ஒரே ஒரு மாத்திரை என்றால் இந்த நேரக் குழப்பமே பாதி தீரும். நம் வழிகாட்டிக் கையேடு அதைப் படித்து மாறுவதற்குள் உங்கள் பேத்தி பிரசவத்துக்கு வந்துவிடுவாள் போல, அதுவரை கொடுத்ததை இரண்டாகவே போடுங்கள்.

இப்போது அந்த டின். எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கோபம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். விற்க வரும் பெண்மீது அல்ல, அவரும் யாரோ ஒருவர் பேச்சை நம்பி முன்பணம் கட்டி டின்னை வீட்டில் அடுக்கியிருப்பார், அவருக்கு மேலே ஒருவர், அந்த ஒருவருக்கு மேலே இன்னொருவர் என்று கமிஷன் ஏணி. அந்த ஏணியில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் கர்ப்பிணி வீடு என்றால் கரும்புக்காடு, ஏனென்றால் பத்து மாதமும் அந்த வீட்டில் பயம் இருக்கும், பயம் இருக்கிற இடத்தில் யாரும் விலை பேச மாட்டார்கள். டின்னைத் திருப்பிப் பாருங்கள், மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று பொடி எழுத்தில் இருக்க வேண்டும், சட்டம் அப்படி. வாயால் ரத்தம் ஊறும் என்கிறார்கள், டின்னில் எழுதச் சொன்னால் எழுத மாட்டார்கள். இன்னொன்று, இதைப் பாலில் கலக்கித்தான் குடிக்கச் சொல்வார்கள், அதோடு சேர்த்து மாத்திரையையும் போட்டால் பால் கால்சியமும் பவுடரில் இருக்கும் கால்சியமும் சேர்ந்து ஓசியில் வந்த இரும்பையும் வீணாக்கிவிடும்.

குழந்தை எடைக்காவது உதவாதா என்பீர்கள். 2016ல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கான வழிகாட்டியில், ஊட்டம் குறைந்த ஊர்களில்கூட அதிகப் புரதம் தரும் சத்துணவைப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதிவிட்டது. நம்முடைய புனேவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் 1993 முதல் கர்ப்பிணிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் குறித்தார்கள். மொத்தக் கலோரிக்கும் புரதத்துக்கும் குழந்தையின் எடைக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை, கீரை, பழம், பால் இவற்றை அடிக்கடி சாப்பிட்டவர்களின் குழந்தைகள்தான் நல்ல எடையில் பிறந்தன. கீரைக்கட்டுக்கு ஏஜென்ட் கிடையாதே, அதனால் இதை யாரும் உங்கள் வாசலில் வந்து சொல்ல மாட்டார்கள்.

ஆகவே அந்த 5,600 ரூபாயில் தினம் இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், முருங்கைக்கீரை, ஒரு கொய்யா, வாரம் ஒருநாள் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) நன்றாக வதக்கி என்று வாங்குங்கள், மிச்சமே இருக்கும். சுவரொட்டி விஷயத்தில் நம் பாட்டிகள் சொன்னது சரி, அது உண்மையிலேயே இரும்புச் சுரங்கம். பீட்ரூட், மாதுளை விஷயத்தில் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள்: 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை, மாதுளையில் அதில் பாதியும் கிடையாது, கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 27. ருசிக்குச் சாப்பிடட்டும். ஆனால் ஒன்று, 9.2ஐச் சாப்பாட்டால் மட்டும் பிரசவத்துக்குள் தூக்கிவிட முடியாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கான பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிந்ததற்கான எண்ணை, வாங்கித் தருகிறேன், பணத்தைச் சீக்கிரம் வரவைக்கிறேன் என்று ஒருவர் கட்டாயம் வருவார். அந்த எண்ணுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது, கிராம சுகாதார செவிலியரே போட்டுத் தருவார். மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு சத்துப் பெட்டகம், அதற்குள்ளேயே சத்துமாவும் பேரீச்சம்பழமும் இரும்பு டானிக்கும் இருக்கின்றன. பெட்டகம் சில இடங்களில் குழந்தைக்குப் பெயர் வைத்த பிறகு வந்து சேருகிறது என்பதும் எனக்குத் தெரியும், கேட்டால் சர்வர் வேலை செய்யவில்லை என்பார்கள். விடாமல் கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, மாத்திரையும் ஒழுங்காகத்தான் போட்டாள் என்றால், காரணம் இரும்புக் குறைவு மட்டும்தானா என்று சந்தேகப்பட வேண்டும். பி12 குறைவாக இருக்கலாம். இன்னொன்று தலசீமியா மரபு. அது நோயே அல்ல, பிறவியிலேயே ரத்த அணுக்கள் சிறுத்திருக்கும், ஆளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்கு வருடக்கணக்கில் டானிக் ஊற்றிக்கொண்டே இருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், ஒருவரும் ஒரு சோதனை எழுதிக் கொடுத்ததில்லை. ஏன் இதை இவ்வளவு இழுக்கிறேன் என்றால், கணவனுக்கும் அதே மரபு இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இது தெரிய வேண்டியது கர்ப்பத்தின் தொடக்கத்தில், உங்களுக்கோ ஏற்கெனவே ஐந்தாம் மாதம். எனவே அந்த ஒரு மாதம் வரை காத்திருக்காமல், இந்த வாரமே ரத்த அறிக்கையை எடுத்துப் போய் அதில் சிவப்பணுவின் அளவைக் காட்டும் எம்.சி.வி. என்ற எண் 80க்குக் கீழே இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரும்புக் குறைவிலும் அது குறையும்தான், ஆனாலும் குறைந்திருந்தால் தலசீமியா மரபைக் கண்டுபிடிக்கும் ஹெச்.பி.எல்.சி. சோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் ரத்தத்தையும் அன்றைக்கே எடுத்துவிடலாம்.