குர்ஆன் தமிழாக்கங்களில் ஏன் இத்தனை அடைப்புக்குறிகள்?

அரபியில் சொல்லாமல் விட்டாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடுவது நிறைய உண்டு. தமிழில் அதை எடுத்துச் சொன்னால்தான் வாக்கியம் நிற்கும், ஆனால் அது மூலத்தில் இல்லாத சொல் என்பதும் வாசகருக்குத் தெரியணும், அதற்குத்தான் அடைப்புக்குறி. நேர்மையான வழக்கம். ஆனால் எல்லா இடத்திலும் தேவைப்படாது. யூசுஃப் அத்தியாயத்தின் 82ஆம் வசனத்தில் யஃகூப் நபியின் மகன்கள் தந்தையிடம், நாங்கள் இருந்த ஊரையே கேளுங்கள் என்கிறார்கள். ஊர் என்றால் ஊர்மக்கள். பள்ளியில் 'ஊர் சிரித்தது' என்று இடவாகுபெயர் படித்த நமக்கு இதற்கு விளக்கமே வேண்டாம், அப்படியே விட்டால்தான் அழகு.

அப்புறம் இன்னொரு வகை இருக்கிறது, அதில்தான் கவனம் வேண்டும்: அடைப்புக்குள் வருவது சில இடங்களில் இலக்கணத் தேவையே இல்லை, ஒரு தரப்பு அந்த வசனத்துக்குத் தரும் விளக்கம். அங்கே வேறொரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.