ஒன்று கத்துகிறது, ஒன்று ஒளிகிறது

தக்கலையிலிருந்து கான்பெராவுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டில் ஒரே ஈற்றுப் பூனைகள் இரண்டு, போன வருஷம் பிறந்தவை. ஒன்று வாசலில் நின்று கத்துகிறது. இன்னொன்று கதவைத் திறந்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது. பூனையை அடைத்துப் போடுவது பாவம் என்கிறார் ஊரில் அம்மா. வெளியே விடலாமா அண்ணா?"

அவிழ்த்துவிட முடியாது தங்கச்சி. 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனை எதுவானாலும் இங்கே வீட்டுக்குள்ளோ, நம் வளவுக்குள் வலையடித்த கூண்டிலோதான் இருக்க வேண்டும். ஃபோர்ட், பானர் பகுதிகளில் பூனையின் வயதுகூடக் கணக்கில்லை, எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. பக்கத்திலேயே முல்லிகன்ஸ் ஃபிளாட் சரணாலயம் இருக்கிறதே, அதுதான் காரணம். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அற்றுப்போன பெட்டாங் என்ற குட்டிக் கங்காரு இனத்தை டாஸ்மேனியாவிலிருந்து கொண்டுவந்து அங்கே வளர்க்கிறார்கள்.

அம்மா மனசில் இருப்பது நம் ஊர்ப் பூனை. ஓட்டுக்கு மேலே தூக்கம், விளையில் ஓணான் வேட்டை, மீன்காரி சாளைக் கூடையை இறக்கினால் முற்றத்தில் ஆஜர். அப்படி வளர்ந்ததைப் பிடித்து அடைத்தால் பாவம்தான். உங்களுடையது குட்டியிலிருந்தே வீட்டுக்குள் இருப்பது. அதற்கு வெளி வேண்டுமா வேண்டாமா என்பதை அதனிடம்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் இரண்டு உண்டு. ஆணுக்கு, உடம்பில் மாட்டி வார் பிடித்து நடத்தும் வார்ப்பட்டையை எடுத்தாலே வால் கம்பு மாதிரி நிமிர்ந்துவிடும். பெண்ணுக்கு அதையே மாட்டினால் எலும்பே இல்லாததுபோல் பக்கவாட்டில் சரிந்து கிடக்கும்; முற்றத்தில் இறக்கினால் வயிறு தரையில் உரச வாசலுக்கே ஊர்ந்து திரும்பும். அதே பெண் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து மேக்பை பறவையைப் பார்த்துத் தாடை நடுங்க 'கெக்கெக்' என்று கறுவுவதைப் பார்க்க வேண்டும்! கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவரை அவள்தான் வீரி.

ஆகவே கத்துகிறதை வார் போட்டுக் கூட்டிப் போங்கள், அதற்குத் தடையில்லை. பட்டையை முதலில் வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டு நேரத்தில் மாட்டிப் பழக்குங்கள். வாசலைத் தாண்டும்போது மட்டும் கையில் தூக்கிக்கொள்ளுங்கள். தன் காலால் தாண்டிப் பழகினால் அப்புறம் யார் கதவைத் திறந்தாலும் பாயும். செப்டம்பருக்குப் பிறகு உயரமான புல் பக்கம் வேண்டாம், பழுப்புப் பாம்பு நடமாடும். இன்னொன்று, அது கத்தும்போது எழுந்து போய்க் கதவைத் திறக்காதீர்கள். கத்தினால் காரியம் ஆகும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் விடியற்காலை உங்கள் தூக்கம் போச்சு.

ஒளிகிறதை அதன் போக்கில் விடுங்கள். உயரத்தில் ஒரு பலகை, ஜன்னலோரம் ஒரு இடம், அந்தி நேரத்தில் கயிற்றில் இறகு கட்டி ஓடவிட்டு அப்புறம் சாப்பாடு. அது போதும். 'பழகிவிடும்' என்று தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் கீறல்தான் மிச்சம். வலைக்கூண்டு வைக்கலாம்தான், வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு.

வீடு மாறினால், பூனையின் தோலுக்கடியில் வைத்திருக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்புக்குரிய பதிவில் முகவரியையும் மாற்றிவிடுங்கள். தப்பி ஓடுவது எப்போதும் அந்த வாசல்காரனாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பயந்தாங்கொள்ளியும் வெடிச் சத்தத்தில் ஓடிவிடும், கூப்பிட்டாலும் குரல் தராது.